இறக்குமதி வரி மாறினால் யார் கூலி மாறும்? ஒரு காஸ்டிங்காரியின் கணக்கு முறை

அமெரிக்கா வரி போட்டது, டெல்லி வரியைக் குறைத்தது, பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது என்று செய்தி வந்துவிட்டால் போதும். தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து ‘இது நாட்டுக்கு நல்லதா, கெட்டதா’ என்று மல்லுக்கட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் ஆபீசில் ஜூனியர் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள்: “அக்கா, நமக்கு லாபமா நட்டமா?” நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நமக்கு என்றால் யாருக்கு? முதலாளிக்கா, உனக்கா, ஓவர்லாக் மெஷினில் தைக்கிற டெய்லருக்கா, அவருக்குப் பீஸ் எடுத்துக் கொடுக்கிற கைமடிக்கா?

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் காஸ்டிங் பார்ப்பது, அதாவது ஒரு பீஸுக்கு எதற்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போடுவது, என் வேலை. அஞ்சல்வழியில் எம்.ஏ. பொருளியல் படித்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்து, ஒரு வர்த்தகச் செய்தி வந்தால் அதில் யார் வருமானம் ஏறும், யாருடையது இறங்கும் என்று பார்க்கும் முறை ஒன்றை வைத்திருக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் உதவும், வீட்டில் வாக்குவாதம் செய்பவர்களுக்கும் உதவும். பேப்பர், பேனா, கொஞ்சம் பொறுமை, இவ்வளவுதான் தேவை.

முதலில் நாட்டை விடுங்கள், சரக்கைப் பிடியுங்கள்

‘இந்தியா’, ‘சீனா’, ‘ஏற்றுமதித் துறை’ என்று ஆரம்பித்தால் கணக்கு நகராது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுப்பது பருத்தி டி-ஷர்ட். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் எங்கள் ஊரிலிருந்துதான் போகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. அந்த அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியச் சரக்குக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சேர்ந்து 50 ஆனது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே இருந்த 16.5 சதவீதம் தனி.

பொருளைப் பிடித்ததும் அதன் விலை எத்தனை கைகளில் பிரிகிறது என்று எழுதுங்கள். கீழே இருப்பது கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். எந்தக் கம்பெனியின் காஸ்டிங் ஷீட்டும் அல்ல. கப்பலில் ஏற்றும் விலை, அதாவது எஃப்.ஓ.பி., 250 ரூபாய். அதில் நூல், நிட்டிங், டையிங் எல்லாம் சேர்த்துத் துணிக்கு 140. லேபிள், பட்டன், பாலிபேக், அட்டைப்பெட்டிக்கு 20. வெட்டுவதிலிருந்து தைத்து, செக்கிங், அயர்னிங், பேக்கிங் வரை கூலி 50. மின்சாரம், வாடகை, பேங்க் வட்டி, தூத்துக்குடி வரை லாரி வாடகை எல்லாம் சேர்த்து 25. மீதி 15 முதலாளிக்கு.

இப்போது அந்த 2025 அமெரிக்க வரியைப் போடுங்கள். 250-க்கு 50 சதவீதம் 125 ரூபாய். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்தச் சட்டை அங்கே கடையில் நம் ரூபாய்க் கணக்கில் 1,500-க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை விலையில் 125 என்பது எட்டு சதவீதம் சொச்சம்தான். 50 சதவீதம் வரி என்றால் அங்கே வாங்குகிறவருக்கு 50 சதவீதம் விலை ஏறும் என்பது தப்பு. ஆனால் பையர், அதாவது நம்மிடம் வாங்கும் அமெரிக்கக் கம்பெனி, அந்த எட்டைக்கூட முழுசாகத் தன் தலையில் போட்டுக்கொள்ள மாட்டார். மெயில் வரும்: வரியில் ஒரு பகுதியை நீங்களும் ஏற்கவேண்டும், 10 சதவீதம் தள்ளுபடி கொடுங்கள்.

பத்து சதவீதம் என்றால் 25 ரூபாய். ஷீட்டைப் பாருங்கள், எங்கிருந்து எடுப்பது? நூல் விலை மில்காரர் சொல்வது. டையிங் ரேட்டில் கை வைத்தால் கலர் வராது. பேங்க் வட்டி அசையாது. லாபம் 15-ஐ மொத்தமாகத் துடைத்தாலும் இன்னும் 10 வேண்டும். அசைக்க முடிந்தது கூலிப் பத்தி ஒன்றுதான், 50-லிருந்து 40. விலை 10 சதவீதம் இறங்கியது. கூலிப் பத்தி 20 சதவீதம் இறங்கியது. லாபம் 100 சதவீதம் போயிற்று.

இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் மறக்காது. சர்வதேச விலையில் சின்ன அசைவு, உள்ளே சிலருடைய வருமானத்தில் பெரிய அசைவாக மாறுகிறது. விலை ஏறும்போதும் இப்படித்தான். ஆனால் அப்போது அந்தப் பெருக்கம் யார் பத்தியில் விழுகிறது என்பது பேரம் பேசும் பலத்தைப் பொறுத்தது. ஆர்டர் குவிந்து, டெய்லர் கிடைக்காமல் கம்பெனி வாசலில் ‘ஆட்கள் தேவை’ போர்டு தொங்குகிற மாதத்தில் கூலி ஏறும். மற்ற மாதங்களில் ஏறியது எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரேட்டைக் கேட்காதீர்கள், ஷிப்டைக் கேளுங்கள்

கூலி குறைந்ததா என்று கம்பெனியில் கேட்டால் ‘இல்லை’ என்று பதில் வரும். அது பொய்யும் இல்லை. பீஸ் ரேட்டும் ஷிப்ட் சம்பளமும் பேச்சுவார்த்தையில் முடிவானவை, அவற்றை எளிதில் குறைக்க முடியாது. குறைவது வேலை நேரம். எனக்குத் தெரிந்த ஒரு கான்ட்ராக்டர் சொன்னார்: “ரேட்டுல கை வெக்கலீங்கக்கா, ஒன்றரை ஷிப்ட் ஓட்டுனத ஒரு ஷிப்ட் ஆக்கிட்டேன், அவ்வளவுதானுங்க.” அவ்வளவுதான் என்று அவர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு வருமானம் போய்விட்டது. ஒன்றரை ஷிப்ட் என்பது இங்கே கூடுதல் வேலை அல்ல. வாடகையும் ஸ்கூல் பீஸும் அதை நம்பித்தான் கணக்குப் போடப்பட்டிருக்கும். சனிக்கிழமை வாரச் சம்பளக் கவரில் அது தெரியும். தினக்கூலிப் புள்ளிவிவரத்தில் தெரியாது.

அதனால் சம்பள விகிதம் பற்றிய எந்த எண்ணைப் பார்த்தாலும் அடுத்த கேள்வி இதுவாக இருக்கட்டும்: வாரத்துக்கு எத்தனை ஷிப்ட்? அதற்கடுத்தது: யார் கணக்கிலேயே இல்லை? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை இல்லாவிட்டால் ரயிலேறிவிடுவார்கள். அவர்கள் போனபின் இங்கே எண்ணினால் மீதி இருப்பவர்களின் சராசரி கூடக் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும். நட்டம் வேறு மாநிலத்து கிராமத்தில் விழுந்திருக்கும்.

புத்தகம் சொல்வதை எங்கே பொருத்துவது

தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்தப் பகுதியை விடாதீர்கள். 1941-ல் ஸ்டோல்பர், சாமுவெல்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு கணக்கைக் காட்டினார்கள். அன்றைக்கு அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் இதழ் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. வேறொரு இதழில் வெளிவந்தது. சுருக்கம் இது: வர்த்தகம் திறந்தால் ஒரு நாட்டில் எது மலிந்து கிடக்கிறதோ அதன் சொந்தக்காரருக்கு லாபம், எது அரிதோ அதன் சொந்தக்காரருக்கு நட்டம். அமெரிக்காவில் மூலதனமும் படித்த ஆட்களும் ஏராளம், சாதாரண உழைப்பு அரிது. ஆகவே அங்கே சாதாரணத் தொழிலாளிக்கு அடி. இந்தியா, மெக்சிகோ போன்ற நாடுகளில் உழைப்பு மலிந்து கிடப்பதால் தொழிலாளிக்கு நல்லது, ஏற்றத்தாழ்வு குறையவேண்டும்.

முதல் பாதி பெருமளவு சரியாகத்தான் வந்தது. இரண்டாம் பாதி பல இடங்களில் பொய்த்தது. மெக்சிகோ 1986-ல் காட் என்ற உலக வர்த்தக ஒப்பந்தத்தில் சேர்ந்தது, அமெரிக்கா, கனடாவோடு போட்ட நாஃப்டா ஒப்பந்தம் 1994 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. எண்பதுகளின் நடுவிலிருந்து அங்கே படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள சம்பள இடைவெளி கூடியது. ஏன்? பொருளியலாளர்கள் ராபர்ட் ஃபீன்ஸ்ட்ராவும் கோர்டன் ஹான்சனும் சொன்ன விளக்கம் எனக்கு உடனே பிடித்தது, ஏனென்றால் அது எங்கள் கம்பெனி மாடியில் தினமும் நடப்பது. அமெரிக்க நிறுவனம் தன் தொழிற்சாலை வேலைகளில் சிலவற்றைப் பிரித்து எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறது. அமெரிக்காவில் அவை ‘திறன் குறைந்த’ வேலை. மெக்சிகோவில் அதே வேலை ‘திறன் மிகுந்த’ வேலை. ஆக இரண்டு பக்கமும் திறன் உள்ளவர்களுக்கே கிராக்கி கூடுகிறது.

எங்கள் ஊரில் இதைப் பார்க்க ஆராய்ச்சி தேவையில்லை. ஐரோப்பிய பையர் சாம்பிள் வேலையை இங்கே தள்ளியதும் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடத் தெரிந்தவர், பையரோடு ஆங்கிலத்தில் மெயில் அடித்து ஆர்டரை நடத்தத் தெரிந்த மெர்ச்சண்டைசர், லேப் ரிப்போர்ட் படிக்கத் தெரிந்த குவாலிட்டி ஆள் ஆகியோரின் சம்பளம் பாய்ந்தது. என் சம்பளமும் அதில் சேர்த்திதான். பீஸ் எடுத்துக் கொடுத்து, நூல் வெட்டி, அடுக்கி வைக்கிற கைமடியின் கூலியும் ஏறியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுடையது ஏறிய வேகத்தில் ஏறவில்லை. ஏழ்மை குறைந்தது, இடைவெளி கூடியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. விவாதத்தில் ஒருவர் முதலாவதைச் சொல்வார், இன்னொருவர் இரண்டாவதைச் சொல்வார், இருவரும் ஏதோ ஒன்றையொன்று மறுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

யார் நகர முடியும்?

என் முறையில் முக்கியமான கேள்வி இதுதான். பாடப்புத்தகத்தில் ஒரு தொழில் படுத்தால் ஆட்கள் அடுத்த தொழிலுக்குப் போய்விடுவார்கள். நிஜத்தில் போவதில்லை.

சீனா 2001 டிசம்பர் 11-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கோர்டன் ஹான்சன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் அமெரிக்காவைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து, எந்த வட்டாரத்தின் தொழில் சீனச் சரக்கோடு நேருக்கு நேர் மோதியது என்று பார்த்தார்கள். 1990 முதல் 2007 வரை அமெரிக்காவில் குறைந்த தொழிற்சாலை வேலைகளில் சுமார் கால் பங்குக்கு சீன இறக்குமதிதான் காரணம் என்று 2013-ல் எழுதினார்கள். அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு முடிவு: அடி வாங்கிய ஊர்களிலிருந்து ஜனங்கள் பெரிதாக வெளியேறவில்லை. வட கரோலினாவில் ஹிக்கரி மாதிரி மரச்சாமான் ஊர்களில், வேலை போனவர் அங்கேயே இருந்தார். வீடு அங்கே, அம்மா அங்கே. லாபம் நாடு முழுக்க ஆளுக்குக் கொஞ்சமாகப் பரவியது, மலிவு விலைச் சாமானாக. நட்டம் சில ஊர்களின் தலையில் மொத்தமாக விழுந்தது.

இந்தியாவிலும் இதே மாதிரி பார்த்தவர் பொருளியலாளர் பெட்டியா தோபலோவா. 1990-ல் 80 சதவீதத்துக்கு மேல் இருந்த நம் சராசரி இறக்குமதி வரி 1996-ல் 37 ஆக இறங்கியது. எந்த மாவட்டத்தின் தொழில்கள் அந்த வரிப் பாதுகாப்பை அதிகம் இழந்தனவோ, அந்த மாவட்டத்துக் கிராமங்களில் வறுமை மற்ற இடங்களைவிட மெதுவாகக் குறைந்தது. கவனியுங்கள்: வறுமை கூடியது என்று அவர் சொல்லவில்லை. மற்ற இடத்தில் குறைந்த அளவுக்கு இங்கே குறையவில்லை என்றுதான் சொன்னார். இந்த வித்தியாசத்தை விழுங்கிவிட்டு மேற்கோள் காட்டுகிறவர்கள் நிறைய. தேர்வில் அப்படி எழுதினால் மார்க் போகும்.

ஆகவே உங்கள் பேப்பரில் ஒவ்வொரு கைக்கும் எதிரே எழுதுங்கள்: இவரால் வேறு வேலைக்கு, வேறு ஊருக்குப் போக முடியுமா? பையர் ஒரு மெயிலில் பங்களாதேஷுக்குப் போய்விடுவார். முதலாளிக்குச் சிரமம், ஆனால் எத்தியோப்பியாவில் யூனிட் போட்டவர்களும் உண்டு. மெர்ச்சண்டைசர் பெங்களூருக்குப் போவார். காங்கேயம் ரோட்டில் வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளை ஸ்கூலில் போட்டிருக்கும் செக்கிங் அக்கா எங்கே போவார்? நகர முடியாதவர் தலையில்தான் அடியின் பெரும்பங்கு இறங்கும். நூற்றுக்குத் தொண்ணூறு செய்திக்கு இந்த ஒரு வாக்கியமே விடை சொல்லிவிடும்.

வர்த்தகமா, மெஷினா?

‘கூலி இடைவெளி கூடியது வர்த்தகத்தால் அல்ல, தொழில்நுட்பத்தால்’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் சொல்வதிலும் விஷயம் உண்டு. பிரித்துப் பார்க்க ஒரே வழி, மெஷின் ஒன்றாக இருந்து சந்தை மட்டும் வேறாக இருக்கும் இரண்டு இடங்களை ஒப்பிடுவது. எங்கள் ஊர் இதற்கு வசதி. உள்நாட்டுக்கு ஜட்டி பனியன் போடும் கம்பெனியும், ஐரோப்பாவுக்குப் போடும் கம்பெனியும், அமெரிக்காவுக்குப் போடும் கம்பெனியும் ஒரே தெருவில் இருக்கும். ஓவர்லாக், பிளாட்லாக் எல்லாம் ஒரே ரகம். டெய்லர்களும் மாறி மாறி வேலை பார்ப்பவர்கள். 2025 ஆகஸ்டில் இவற்றில் ஒன்றுக்கு மட்டும்தான் 50 சதவீதம் விழுந்தது. செப்டம்பர், அக்டோபரில் மூன்று வாசலிலும் ஷிப்ட் எத்தனை ஓடியது என்று கேட்டால், மெஷினின் பங்கு கழிந்து வரியின் பங்கு மீதி நிற்கும். ஒரு எச்சரிக்கை: அமெரிக்க ஆர்டர் போன கம்பெனி சும்மா இருக்காது, ஐரோப்பிய ஆர்டருக்குப் போட்டியிட்டு அங்கேயும் ரேட்டை இறக்கும். ஆகவே அடி கொஞ்சம் பக்கத்து வாசலுக்கும் கசியும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷீட்டில் இல்லாத பத்தி

இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம், எங்கள் ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆறு என்று சொன்னால் போதும். சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, கீழே பாசன நிலம் கெட்டது. 2011 ஜனவரியில் கழிவு துளியும் வெளியேறாத நிலையை எட்டும்வரை எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அதுவரை உலகம் வாங்கிய மலிவு டி-ஷர்ட்டின் விலையில் ஒரு பகுதியைக் கட்டியவர் அந்த விவசாயி. அவர் பெயர் எந்த காஸ்டிங் ஷீட்டிலும் இருந்ததில்லை. உங்கள் பேப்பரில் கடைசியில் ஒரு காலிப் பத்தி விடுங்கள். எந்தச் சரக்காக இருந்தாலும் அதில் எழுத யாராவது இருப்பார்கள்.

எந்த அளவுகோல் என்று கேளுங்கள்

2025 ஜூலையில் ‘உலகில் நான்காவது சமத்துவமான நாடு இந்தியா’ என்று ஒரு செய்தி சுற்றியது. கினி குறியீடு 25.5. (கினி என்பது ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்: 0 என்றால் எல்லோரும் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவரிடம்.) அது செலவை வைத்துப் போட்ட கணக்கு. வருமானத்தை வைத்துப் போட்டால், உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி 2023-ல் 62. பணக்காரர் தன் வருமானம் முழுவதையும் செலவழிப்பதில்லை, சர்வே எடுப்பவருக்குக் கதவும் திறப்பதில்லை; ஆகவே செலவுக் கணக்கில் இடைவெளி சுருங்கித்தான் தெரியும். ஒரு நாட்டின் செலவுக் கினியை இன்னொரு நாட்டின் வருமானக் கினியோடு வைத்து ரேங்க் போடுவது செல்லாது. வர்த்தகம் பற்றிப் பேசும்போது கினியைவிட மேல்தட்டின் பங்கைப் பார்ப்பது எனக்கு வசதி: 2022-23-ல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம் மேல் ஒரு சதவீதத்தினரிடம் போனது.

முழுசாக ஒன்று போட்டுப் பார்ப்போம்

பருத்தி. 2021 பிப்ரவரியில் இறக்குமதிப் பருத்திக்கு 11 சதவீதம் வரி போட்டார்கள். அமெரிக்கா எங்களை அடித்த அதே ஆகஸ்டில், 19-ஆம் தேதி முதல் டெல்லி அதை நீக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். சரி, கைகளை எழுதுங்கள்.

ஸ்பின்னிங் மில்: நேரடி லாபம். பனியன் கம்பெனி: மில்காரர் நூல் விலையைக் குறைத்தால்தான் லாபம், குறைக்காவிட்டால் இல்லை. டெய்லர்: ஆர்டர் கை நழுவாமல் இருந்தால் ஷிப்ட் தப்பும். விதர்பாவிலும் தெலங்கானாவிலும் குஜராத்திலும் பருத்தி போட்டவர்: நட்டம். தேதியைப் பாருங்கள். அவர்கள் அறுவடை அக்டோபரில் சந்தைக்கு வரும், வரிவிலக்கு டிசம்பர் வரை. செடியில் காய் நிற்கும்போது அறிவித்ததால் ‘வேறு பயிருக்கு மாறிக்கொள்’ என்று சொல்லவும் வழியில்லை.

குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 2025-26-க்கு நீண்ட இழைப் பருத்திக்கு குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். இந்தியப் பருத்திக் கழகம் அந்த விலைக்கு வாங்கும். ஆனால் ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் வாங்காது. அந்த ஆண்டு செயலியில் பதிவு செய்யவேண்டும், அதற்கு நில ஆவணம் வேண்டும். குத்தகைக்குப் பயிர் வைத்தவரிடம் அது இருக்காது. அவர் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுப்பார். ஆக ஒரே வரிவிலக்கு விவசாயிகளுக்குள்ளேயே நிலம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டுகிறது. ‘விவசாயிக்கு நட்டம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தால் இது தெரிந்திருக்காது. கைகளைப் பிரித்து எழுதுவது இதற்காகத்தான்.

பயிற்சிக்கு ஒன்று உங்களுக்கு. 2025 ஜூலை 24-ல் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் நம் ஆயத்த ஆடைக்கு அங்கே வரி இல்லை. பதிலுக்கு ஸ்காட்ச் விஸ்கிக்கு நாம் அப்போது போட்ட 150 சதவீதத்தை, ஒப்பந்தம் அமலானதும் 75 ஆகவும், பத்தாம் ஆண்டில் 40 ஆகவும் இறக்க ஒப்புக்கொண்டோம். ஆடைப் பக்கத்தை மேலே சொன்னபடியே போட்டுவிடலாம். விஸ்கிப் பக்கத்துக்கு இரண்டு குறிப்பு மட்டும் தருகிறேன்: சுங்க வரி மத்திய அரசுக்குப் போகிறது, ஆயத்தீர்வை மாநிலத்துக்கு வருகிறது. அப்புறம், ஸ்காட்ச் வருவதைக் கண்டு பயப்படும் இந்தியக் கம்பெனிகளே பீப்பாயில் ஸ்காட்ச் வாங்கித் தங்கள் சரக்கில் கலக்கவும் செய்கின்றன. அவர்களை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?